மீசையில்லாத முகம்

நிமோனியாவில் மூச்சுத் திணறி வந்து சேர்ந்த பஸ் டிரைவரின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் அன்று காலை சொல்லிவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, வாயிலும் குழாயிலும் தேங்கியிருந்த சளியை உறிஞ்சி எடுத்தாள்.

“அண்ணே, பலமா ஒரு தடவை இருமுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவர் இருமினார். குழாய் வெளியே வந்துவிட்டது. ஆனால் நர்ஸ் கட்டிலைவிட்டு நகரவில்லை. திரையில் எண்கள் நன்றாகத்தான் இருந்தன. இருந்தாலும் கழுத்துத் தசை இழுக்கிறதா, நெற்றி வியர்க்கிறதா என்று அவர் மேலேயே கண்ணாக இருந்தாள். மூச்சு சீரான பிறகுதான் அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டாள்.

வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். “ஐயோ, மீசை எங்க?”

“குழாயைப் பிடிச்சிருந்த பிளாஸ்திரி மீசையில ஒட்டல அக்கா. குழாய் நழுவினா ஆபத்து. அதான் முதல் நாளே மழிச்சுட்டோம். பிளாஸ்திரி மறைச்சதுல உங்களுக்குத் தெரியல.”

“கல்யாணமானதுலருந்து எடுங்க எடுங்கன்னு கெஞ்சறேன். காதுலயே வாங்கல இந்த மனுஷன்!”

டிரைவர் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். “ரெண்டு பேரும் கூட்டுச் சதி,” என்றார் கம்மிய குரலில்.

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரிக்கப் போய், இருமல் பிடித்துக்கொண்டது. அவள் பதறினாள்.

“பயப்படாதீங்கக்கா, நல்லா இருமட்டும்,” என்றாள் நர்ஸ். சளியைத் தானே வெளியே தள்ளும் அளவுக்கு அந்த இருமலில் பலம் இருந்தது. நர்ஸுக்கு மனசு நிறைந்துவிட்டது. மனைவி உட்கார நாற்காலி ஒன்றை இழுத்துக் கட்டிலோரம் போட்டாள்.