தெருவில் வைத்த நாற்காலி

மூன்று மணி நேரம். அறுபத்தெட்டு வயதில், முதுகைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் உயரப் பனியை வாரிக் கொட்டி, என் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் பண்ணினேன். நடுவில் சிவப்பு மெத்தை தைத்த பழைய சமையலறை நாற்காலியைப் போட்டேன். சிகாகோவில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. தோண்டியவன் நாற்காலி போட்டுவிட்டால் அது அவன் இடம்.

அன்றைக்கு அந்த இடம் இல்லாமல் முடியாது. என் மனைவி பெர்னிஸ் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறாள். ஒரு முறை வழுக்கினால் எல்லாம் முதலிலிருந்து என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். அந்த இடம் இல்லையென்றால் ஓரத்துப் பனிமேட்டில் ஏறி இறங்கித்தான் அவள் வாசலுக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம். யாருடைய கறுப்பு வண்டியோ ஜம்மென்று நிற்கிறது. தெருவில் மற்றவர்கள் இடம் பிடிக்கப் போட்டிருந்த நாற்காலிகளும் ஒன்றுகூட இல்லை.

எதிர்வீட்டு ஓஃபீலியா ஜன்னலிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். "கேஸ்! எல்லாம் அந்தக் கீழ்வீட்டுக்காரன் வேலை! என்னோடது ரெண்டும் போச்சு! எங்கேருந்தோ வந்து நம்ம உயிரை வாங்கறாங்க!"

ஓஃபீலியாவின் அப்பா மெக்சிகோவிலிருந்து வந்தவர். என் தாத்தா போலந்துக்காரர். இருந்தாலும் அந்த நிமிஷம், "ஆமா, ஆமா" என்று நானும் கத்தினேன்.

நடுத்தெருவில் நிறுத்திய வண்டியிலேயே பெர்னிஸை விட்டுவிட்டுப் போய்க் கீழ்வீட்டுக் கதவை இடித்தேன். யோர்மன் திறந்தான். இலையுதிர் காலத்தில் குடிவந்த வெனிசுவேலாக்காரன். உள்ளே மேசையைச் சுற்றி அவன் மனைவியும் பிள்ளைகளும், ஆளுக்கொரு நாற்காலியில்.

"வாங்க சார், உக்காருங்க!" என்று என் நாற்காலியையே எனக்கு இழுத்துப் போட்டான்.

"அறிவிருக்காப்பா உனக்கு? இது என்னுது!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "தெரு ஓரத்துல வெச்சா வேணாம்னு அர்த்தம், யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இந்த மேசையைக் காட்டினதே நீங்கதான்."

சொன்னேன்தான். அக்டோபரில், பெரிய மனுஷன் மாதிரி.

"அது வேறப்பா. பனியில வெச்சா எடுக்கக் கூடாது."

"சட்டமா சார்?"

"இல்ல. சட்டப்படி பாத்தா நாங்க வெக்கறதே தப்பு."

"அப்ப யார் சொன்னது?"

"யாரும் சொல்லல! எல்லாரும் மதிப்போம், அவ்வளவுதான்!" தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஊரில் பிறந்த எனக்கே நான் சொல்வது விளங்கவில்லை.

வெளியே என் காருக்குப் பின்னால் நாலு வண்டிகள் ஹாரனில் கைவைத்து நின்றன. யோர்மன் மெல்லிய சட்டையோடு வெளியே வந்து, என் வாசலில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். கறுப்பு வண்டிக்குப் பக்கத்துப் பனிமேட்டை அவனும் அவன் மனைவியும் தோண்ட ஆரம்பித்தார்கள். நான் பெர்னிஸோடு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முனகினாள், நான் ஊரையே திட்டினேன்.

இருபதாவது சுற்றில் இடம் தயாராக இருந்தது. நடைபாதை வரைக்கும் வழிகூடச் செதுக்கி, உப்பு தூவியிருந்தான். நடுவில் என் சிவப்பு நாற்காலி. அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் பனியோடு யோர்மன். முன்னால் ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். இவன் அசையவில்லை.

"எந்திரிப்பா, ஜுரம் வந்துடும்! நாற்காலியை வெச்சுட்டு உள்ள போயிருக்கலாமே?"

"எப்படி சார்?" பற்கள் தந்தியடிக்க, சிரிக்காமல் சொன்னான். "வெறும் நாற்காலியை வெச்சா யாராவது தூக்கிட்டுப் போயிடறாங்க."