தாடைக்குள் ஒரு வாய்க்கால்

பெருங்களத்தூர் மனை புரோக்கர் தசரதன் வாயைத் திறந்தால், ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ்ஸே ஓரங்கட்டி நின்று இரண்டு கிரவுண்டு வாங்கிவிட்டுத்தான் போகும். இடுப்பளவு தண்ணீர் நிற்கிற இடத்தைக் காட்டி, "காத்து எப்டி ஜில்லுனு வருது பாருங்க சார்" என்று விற்ற வாய் அது. அந்த வாய்க்குள், இடது பக்கம் கீழே, கடைசிக் கடைவாய்ப்பல் படுத்தவாக்கில் முளைத்துக் கன்னத்தைப் பூசணிக்காயாக்கிவிட்டது.

மேற்குத் தாம்பரம் பல் டாக்டர் செல்வமேரி எக்ஸ்ரேயைப் பார்த்து யோசித்தார்.

"வேர் நரம்பு மேலயே உட்கார்ந்த மாதிரி தெரியுது சார். நிஜமா தொடுதா, தள்ளி இருக்கான்னு இந்தத் தட்டைப் படத்துல தெரியாது. நரம்புல அடிபட்டா கீழுதடு மரத்துடும். சிலருக்குத் திரும்பாமலே போயிடும்."

தசரதன் கீழுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். உதடு குழறினால் எவன் மனை வாங்குவான்?

"சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. தாடையை வாழைத்தண்டு மாதிரி வில்லை வில்லையா நறுக்கிக் காட்டும். சேர்த்துப் பார்த்தா ஆழமும் தெரியும்."

"நறுக்கறதுன்னா... மயக்க ஊசி போடுவாங்களா?"

"படத்துலதான் சார் நறுக்கறது!"

மச்சான் சம்பத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பட்டணம் போய், ராட்சச உளுந்துவடை மாதிரி இருந்த மெஷினின் ஓட்டையில் தலையைக் கொடுத்து, பாயளவு படத்தோடு திரும்பினார் தசரதன். டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். எந்த வரைபடத்தைக் கண்டாலும் முதலில் திசை பார்ப்பது தசரதனின் தொழில் வழக்கம். பார்த்தார்.

"டாக்டரம்மா, இது வேற எவனோட தாடையோ! என் பல்லு இடது பக்கம் கீது. இதுல வலது பக்கம் படுத்துகினு கீது!"

"வேளச்சேரிக்காரர் ஒருத்தர் கன்னம் வீங்கி உக்காந்திருந்தாரே மாமா, அவருதா இருக்கும்" என்று எண்ணெய் ஊற்றினான் சம்பத்.

"உங்க பேர் போட்டிருக்கே சார்."

"பேரு போட்டா ஆச்சாம்மா? ஒரே மனையை நாலு பேருக்கு வித்த ஊரு இது!"

படத்தைப் பிடுங்கித் திருப்பி மாட்டினார். பல் இடது பக்கம் வந்தது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் புரண்டது. தலைகீழாகக் கவிழ்த்தார். தாடை தெற்கு பார்த்து நின்றது.

டாக்டர் சம்பத்தை நாற்காலியில் படுக்கவைத்து, தசரதனைக் கால்மாட்டில் நிறுத்தினார். "இவரோட இடது கை உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"ஸ்கேன் படமும் இப்படிக் கால்மாட்டுல நின்னு பார்க்கறதுதான்."

தசரதன் படத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், தன் இரண்டு கையையும் பார்த்தார். "அப்ப நான் படுத்துகினு கீறனா, நின்னுகினு கீறனா?"

டாக்டர் பென்சிலால் ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டினார். "இதுதான் நரம்பு போற வாய்க்கால். எக்ஸ்ரேல பல்லும் இதுவும் ஒண்ணு மேல ஒண்ணா தெரிஞ்சது. நிஜத்துல பக்கத்துப் பக்கத்துல. நடுவுல எலும்பு இருக்கு."

"காம்பவுண்டு சுவரா? எத்தினி அடி?"

"அடியா! ஒரு மில்லிமீட்டர். பல்லை ரெண்டா வெட்டி, வாய்க்கால் இல்லாத பக்கமா எடுத்துடலாம்."

காகிதத்தில் சுவர் காட்டி எத்தனை மனை விற்றிருப்பார் தசரதன்! இந்தச் சுவரும் அப்படித்தானோ என்ற கவலையிலேயே வாயைத் திறந்தார். பல் இரண்டு துண்டாக வந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உதட்டைக் கிள்ளினார். ரப்பர். "போச்சு" என்று கத்தினார். "ஹோச்சு" என்று வந்தது. மரத்துப்போகப் போட்ட ஊசி மருந்து இறங்கச் சாயங்காலம் ஆகும் என்று டாக்டர் சொன்னது எந்தப் பக்கக் காதில் விழுந்ததோ, முற்றத்தில் குந்திக்கொண்டு ஊமைத் தரகு செய்ய வழியுண்டா என்று யோசித்தார்.

பொழுது சாய்ந்ததும் சிட்டுக்குருவி அளவு கொசு ஒன்று வந்து, கீழுதட்டின் இடது பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கென்று குத்தியது. மனைவி நாகலக்ஷ்மி அடிக்கக் கையை ஓங்கினாள்.

"அடிக்காதடி!" தசரதனின் குரல் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரை கேட்டது. "வலிக்குதுடி! நல்லா கடிக்கட்டும்!"

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள் நாகலக்ஷ்மி.