அத்தான் பெயரில் திறக்கும் இழுப்பறை

காலை டிபன் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மருத்துவமனைக் கம்ப்யூட்டர் அறையில் வந்து உட்கார்ந்தவளின் கண்ணில் திரையிலிருந்த அந்த வரி பட்டது. மூன்றாம் மாடி வார்டில் வலி மருந்து இழுப்பறை சற்றுமுன் திறக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் சீட்டு எதுவும் இல்லை. அனுமதித்தவர் என்ற இடத்தில் அத்தானின் பெயர். அவளுடைய அக்கா புருஷன்தான் அந்த மருத்துவமனையின் தலைமை மருந்தாளுநர். ஆனால் அவர் கண் ஆபரேஷன் முடிந்து, கட்டோடு வீட்டில் படுத்திருக்கிறார்.

வார்டுகளில் நிற்கும் மருந்து அலமாரிகளுக்கு நர்சுகள் வைத்த பெயர் மாப்பிள்ளை. முறுக்கிக்கொண்டால் லேசில் திறக்காது. டாக்டர் சீட்டு எழுதியதும் அத்தானின் சார்பில் கம்ப்யூட்டர்தான் அதைத் திறந்துவிடும். அதற்காக அவர் காலையில் பாஸ்வேர்டு தட்டிக் கொடுக்கும் அனுமதி மறுநாள் காலைவரைதான் உயிரோடு இருக்கும். பிறகு மறுபடி தட்ட வேண்டும்.

“தெனமும் நீ யாரு, நீ யாருன்னு கேக்குது. உங்க அக்காகூட என்னை இப்படிக் கேட்டதில்ல” என்று அலுத்துக்கொண்டார் அத்தான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் மச்சினி, பிறகென்ன? முடிகிற நேரத்தில் பழைய அனுமதியைக் காட்டிப் புதியதைத் தானே வாங்கிக்கொள்ளும்படி மாற்றிக் கொடுத்திருந்தாள். அதன்பிறகு அத்தானை எதுவும் கேட்டதில்லை. அவர் லீவில் போனதைக்கூட அது கேட்கவில்லை.

போன் போட்டாள். “அத்தான், பாஸ்வேர்டை யாருக்காவது சொன்னீங்களா?”

“எனக்கே ஞாபகம் இல்லாததை யாருக்கும்மா சொல்றது?” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அக்கா வீட்டு ரேடியோ அணையும் சத்தம் கேட்டது.

“என் பேர்லயா?” என்றார். “அது போதை ஏத்துற மருந்து. காணாமப்போனா ஜெயிலும்மா.”

பாஸ்வேர்டை மாற்றினாள். மாற்றிய கையோடு திரையில் இன்னொரு வரி விழுந்தது: அனுமதி புதுப்பிக்கப்பட்டது. புதுப்பிக்கப் பாஸ்வேர்டு வேண்டாமென்று செய்தவளே அவள்தானே. எந்தக் கம்ப்யூட்டர் என்று பார்த்தாள். வார்டில் பழுதென்று மாற்றிய பழைய கம்ப்யூட்டர். அதிலிருந்த அனுமதியைப் புதியதற்கு நகலெடுத்தவள், பழையதில் அழிக்காமலே அதை ஸ்டோர் ரூமில் போட்டிருந்தாள்.

ஸ்டோர் ரூம் பூட்டியபடியேதான் இருந்தது. திறந்தாள். அலமாரித் தட்டில் படிந்திருந்த தூசிக்கு நடுவே, கம்ப்யூட்டர் அளவுக்குச் சுத்தமாக ஓர் இடம்.

இனி அத்தானின் பெயரையே முடக்க வேண்டும். முடக்கினால் எல்லா மாப்பிள்ளைகளும் மூடிக்கொள்வார்கள். மூன்றாம் மாடி நர்சை அழைத்தாள்.

“ஐயோ மேடம், இப்ப வேணாம்! உள்ள ஆபரேஷன் ஓடுது. நடுவுல மருந்து கேட்டா நாங்க யார் கால்ல போய் விழறது?”

“எப்ப முடியும்?”

“அது அந்தத் தியேட்டர் கதவுக்குத்தான் தெரியும்.”

படியேறி ஓடினாள். நடைகூடத்தில் யாருமில்லை. அலமாரி சுவரோடு சுவராக நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு பச்சையானது. க்ளிக்கென்று இழுப்பறை விரலளவு முன்னால் வந்தது. திருப்பத்துக்கு அப்பால் செருப்புச் சத்தம், எந்த அவசரமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

உள்ளங்கையால் இழுப்பறையை அழுத்தி மூடினாள். சிவப்பு. கையை எடுக்கவில்லை.

இன்னொரு கையிலிருந்த போன் அடித்தது. “மூடிட்டியாம்மா?” என்றது அத்தானின் குரல்.

அவள் உள்ளங்கைக்கு அடியில் மறுபடி க்ளிக்கென்றது. இழுப்பறை அவள் கையை மெல்லத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.