இடது கை

ஆர்லோ தன் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் துணி விரித்து இரண்டு ரிவால்வர்களை வைத்தான். இரண்டும் நாற்பத்துநாலு மேக்னம், கரடியையும் சாய்க்கும் ரகம். ஒன்று மெல்லிய உலோகம். எடுத்தால் பொம்மை மாதிரி இருந்தது. மற்றது முழு எஃகு.

"சாம்பியன் கடைசியில கிழவன்க துப்பாக்கிக்கு வந்துட்டா," என்றான். "வியாழக்கிழமை கிளப்புல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"சொல்லாதே," என்றாள் கோரா.

"சொல்லாம இருப்பேனா."

அவள் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை பிஸ்டல் போட்டிகளில் அவளை ஜெயித்தவர்கள் அந்த ஊரில் குறைவு. வாங்கிய கோப்பைகளில் பெரியதில் அவள் கணவன் டெல் வலை பின்னும் ஊசிகளைப் போட்டு வைத்திருந்தான். சமையலறை ஜன்னலில் அது இருந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க அதிலிருந்து ஓர் ஊசியைக்கூட அவன் எடுக்கவில்லை.

போன ஆகஸ்டில், மேற்குக் கரையில் அவர்கள் சால்மன் மீனுக்கு வலை கட்டும் இடத்தில், புதரிலிருந்து வந்த பழுப்புக் கரடி டெல்லைக் கீழே தள்ளி மேலே ஏறியது. கோரா பிஸ்டலோடு ஓடினாள். முனையைக் கரடியின் விலாவில் வைத்து அழுத்தி விசையை இழுத்தாள். வெடிக்கவில்லை. அழுத்திய வேகத்தில் பிஸ்டலின் மேல்பாகம், அந்த ஸ்லைடு, கொஞ்சம் பின்னால் தள்ளிப் போயிருந்தது. அப்படிப் போனால் பிஸ்டல் வெடிக்காது. அவளுடைய இடது கை தானாக மேலே போய் ஸ்லைடை இழுத்து விட்டது. கிளப்பில் பழகிப் பழகி ஏறிய வேலை. அடுத்த முறை வெடித்தது. கரடி புதருக்குள் ஓடி விழுந்தது. அதற்குள் டெல்லின் இடது காதும் அந்தப் பக்கத்துத் தலைத்தோலும் போயிருந்தன.

ஊரே அவளைப் பாராட்டியது. டெல் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஒரு நொடியின் விலை அந்தக் காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது மே மாதம். வலையையும் இடத்தையும் தானே எடுத்துக்கொள்வதாக டெல்லின் அண்ணன் ஹாலிஸ் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பதில் வேண்டும். "நீ என்ன சொல்றே?" என்று டெல் ஒரே ஒரு முறை கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை.

"லேசானதைக் கொடு," என்றாள் கோரா.

"இடுப்புல மாட்டிக்கிட்டு நடக்கத்தான் இது லேசு. சுட்டுப் பாரு, மணிக்கட்டு கழண்டு போகும். எஃகை எடுத்துக்கோ, அதோட கனமே பாதி உதையை வாங்கிக்கும்."

அவள் எஃகை எடுத்தாள். உருளையைத் திறந்து அறைகளைப் பார்த்தாள்.

"ஆறுதான்."

"உன் பிஸ்டல்ல பதினஞ்சு இருந்துச்சே. அன்னைக்கு எத்தனை சுட்டே?"

"ஒண்ணு."

ஆர்லோ துணியின் மடிப்பை நீவினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இதுக்கு ஸ்லைடே கிடையாது, கோரா. கரடி மேல ஒட்ட வச்சு அமுக்கினாலும் வெடிக்கும். டிக்குனு மட்டும் சத்தம் வந்தா எதையும் தொடாதே. திரும்ப இழு. அடுத்த அறை வந்து நிக்கும், அவ்வளவுதான். இன்னொண்ணு. கிளப்புல பிடிக்கிற மாதிரி இடது கட்டைவிரலை முன்னால நீட்டிடாதே. உருளைக்கும் குழலுக்கும் நடுவுல இடுக்கு இருக்கு. நெருப்பு கக்கும்."

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். நல்லா சுடுறவங்கதான் விரலைச் சுட்டுக்கிறாங்க."

ஊருக்கு வெளியே சரளை தோண்டிய பள்ளத்தில்தான் எல்லோரும் சுட்டுப் பழகுவார்கள். யாரோ கொண்டு வந்து போட்ட பழைய சோபா ஒன்று மேட்டோரம் கிடந்தது. பனி உருகிய சேற்றில் அதன் கால்கள் புதைந்திருந்தன. டெல் வண்டியைவிட்டு இறங்கவில்லை. மூக்குக்கண்ணாடி மாட்ட அவனுக்கு ஒரு காதுதான் இருந்தது. மறுபக்கத்தை வலைக்கயிற்றால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

கோரா காகிதத் தட்டு ஒன்றை மேட்டில் குத்தி வைத்துவிட்டு வந்தாள். காதுமூடியை மாட்டி, இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்தாள். சுட்டாள்.

சத்தம் நெஞ்சில் இடித்தது. குழல் வானத்தைப் பார்த்தது. துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகுதான் வலி தெரிந்தது. இடது கட்டைவிரலின் நுனி கறுத்து, தோல் கிழிந்திருந்தது. விரல் முன்னால் நீண்டிருந்தது. பழகிய இடத்தில், பழகிய மாதிரி.

டெல் மருந்துப் பெட்டியோடு இறங்கி வந்தான். விரலைக் கழுவிக் கட்டினான்.

"ஆர்லோ சொல்லலையா?"

"சொன்னான்."

"என்ன சொன்னே?"

"தெரியும்னு சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான். கட்டு முடிந்ததும் வண்டிக்குத் திரும்பவில்லை.

"கொடு. நான் தோட்டா போடுறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

அவள் திரும்பி நின்றாள். உருளை மூடும் சத்தம் கேட்டது. ஆறில் சில சுட்டு முடிந்த வெறும் கூடுகள் என்று அவளுக்குத் தெரியும். எவை என்று தெரியாது; டிக் என்றதும் கை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இது. கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே இதைச் செய்திருக்கிறாள்.

முதலாவது வெடித்தது. இரண்டாவது டிக் என்றது. இடது கை பிடியைவிட்டு மேலே போய், இல்லாத ஸ்லைடைத் தேடி, உருளைமேல் விழுந்தது.

"எதைத் தேடுறே?"

"பேசாம இரு."

மறுபடி போட்டான். மறுபடி டிக். மறுபடி கை மேலே போனது. மூன்றாவது முறை போகாமல் பார்த்துக்கொண்டாள். அதிலேயே கவனம் இருந்ததில் குண்டு தட்டைவிட்டு வெகு தூரம் விலகிப் போனது. நான்காவது முறை கை திரும்பவும் போனது.

கோரா உருளையைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். கூடுகள் சேற்றில் விழுந்தன.

"ஹாலிஸ்கிட்டயே கொடுத்துடு, டெல்."

"எதை?"

"வலையை. இடத்தை. எல்லாத்தையும்."

"ஒரு கை சொன்ன பேச்சு கேக்கலைங்கிறதுக்காகவா?"

"கை மட்டும் இல்லை. அன்னைக்குத் தப்புப் பண்ணது நான்." அவள் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒட்ட வச்சா பிஸ்டல் வெடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? கிளப்புல நானே மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. ரெண்டடி தள்ளி நின்னு சுட்டிருந்தா முதல் தடவையே வெடிச்சிருக்கும். உன் காது இருந்திருக்கும்."

டெல் குனிந்து கூடுகளைப் பொறுக்கினான். ஒவ்வொன்றாகச் சேற்றைத் துடைத்தான்.

"அப்புறம் ஏன் ஒட்ட வச்சே?"

அவள் கட்டின் நுனியை இழுத்து இறுக்கினாள்.

"கேக்குறேன்ல, கோரா."

"நீ அதுக்கு அடியில கிடந்தே. ரெண்டும் ஒண்ணாப் புரண்டுக்கிட்டு இருந்தீங்க. எது நீ, எது அதுன்னு தெரியலை."

"எனக்குத் தெரிஞ்சுது," என்றான் டெல். "நான் கண்ணைத் திறந்துக்கிட்டுதான் இருந்தேன். குழல் முதல்ல என் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. நீ நின்னே. அப்புறம் முட்டி போட்டுக்கிட்டு, பக்கத்துல வந்து, அதோட விலாவுல குத்தி மேல்நோக்கித் திருப்பினே. அது என் தலையைக் கடிச்சுக்கிட்டு இருக்கும்போது நீ கோணம் பாத்துக்கிட்டு இருந்தே. எனக்கே ஆத்திரமா வந்துச்சு, என்ன பண்றா இவன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தள்ளி நின்னு சுட்டிருந்தா வெடிச்சிருக்கும். வாஸ்தவம்," என்றான். "எனக்குள்ளயும் வந்திருக்கும்."

மேட்டிலிருந்து கொஞ்சம் சரளை சரிந்து நின்றது.

"இதை ஏன் குளிர்காலம் பூரா சொல்லலை?"

"சொன்னா அடுத்தது என்ன? போகலாம்னு ஆகும். போனா திரும்ப உன்னை அந்த இடத்துல நிறுத்துறேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"நீ சொல்வேன்னு நான் இருந்தேன்."

"நல்லா இருந்தோம் போ," என்றான் டெல்.

அவன் உருளையில் தோட்டாக்களைப் போட்டான். அவள் தானாகவே திரும்பிக்கொண்டாள். மூடிக் கொடுத்தபோது தட்டைக் காட்டவில்லை, சோபாவைக் காட்டினான்.

"தட்டைச் சுட்டு என்னத்துக்கு ஆகும்? அங்க போய் ஒட்ட வை."

கோரா சோபாவின் முதுகில் குழலை வைத்து அழுத்தினாள். ஈரப் பஞ்சு உள்வாங்கியது. எஃகு நகரவில்லை. டெல் அவளுக்குப் பின்னால் வந்து, இருக்கும் காதின்மேல் காதுமூடியை அழுத்திக்கொண்டு நின்றான். அவள் விசையை இழுத்தாள்.

டிக்.

இடது கை துடித்தது. கட்டைவிரலின் கட்டு, வலது கையின்மேல் இருந்த இடத்திலேயே இறுகியது. அவள் திரும்ப இழுத்தாள்.

வெடித்தது. பஞ்சு முகத்தில் தெறித்தது. சோபா முன்னால் குப்புறச் சாய்ந்தது. பின்னால் டெல் அதிர்ந்து கீழே விழுந்த சத்தம் காதுமூடிக்குள்ளும் அவளுக்குக் கேட்டது. துப்பாக்கியைத் தாழ்த்தித் திரும்பினாள். சேற்றில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி மூக்கின் கீழே தொங்கியது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லேன்னா சேத்துல எதுக்கு உட்காருறேன்?" கண்ணாடியைச் சரிசெய்தான். "இன்னொரு தரம். நான் உட்கார்ந்துக்கிட்டே இருக்கேன்."

தோட்டாக்கள் தீரும்வரை சுட்டாள். கை இரண்டு முறை மேலே போனது. மற்றபடி போகவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆர்லோவின் கடை முன்னால் டெல் வண்டியை நிறுத்தி, ஜன்னலை இறக்கினான்.

"இன்னும் ரெண்டு பெட்டி கொடு," என்றான்.

"விரல் என்ன ஆச்சு?" என்று ஆர்லோ கேட்டான். டெல் பணத்தை நீட்டினான். ஆர்லோ சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும், அந்த வடக்கு ஊரில், வெளியே வெயில் இருந்தது. டெல் ஹாலிஸுக்கு போன் செய்தான். பேச்சு அதிக நேரம் நீளவில்லை. "இல்ல, நாங்களே போறோம்" என்று சொன்னதும், அந்தப் பக்கம் ஏதோ கேட்டதும், "ரெண்டு பேரும்தான்" என்று சொன்னதும் அவள் காதில் விழுந்தன.

பிறகு ஜன்னலிலிருந்த கோப்பையைச் சாய்த்து ஓர் ஊசியை எடுத்தான். கொட்டகையிலிருந்து வலையை இழுத்து வந்து தரையில் போட்டான். போன வருடத்து உப்பு அதில் காய்ந்திருந்தது. கிழிந்த இடத்தைத் தேடி எடுத்து முழங்கால்மேல் பரப்பினான்.

"இந்த முனையைப் பிடி," என்றான்.

கோரா வலது கையை நீட்டினாள்.

"அது வேண்டாம். அங்கதான் நான் பின்னணும். இடது கையால பிடி."

கட்டுப்போட்ட விரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இழையை வைத்து அவள் இறுக்கிப் பிடித்தாள். அவன் முதல் முடிச்சைப் போட்டான்.