அப்பா கேட்காத கேள்விகள்

மாதிரித் தேர்வின் முடிவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்கு இது என் இரண்டாவது படையெடுப்பு. உயிரியலில் மரபியல், செரிமானம், நரம்பு மண்டலம் எல்லாம் கரையேறிவிட்டன. செல் பிரிதலில் மட்டும் முட்டை. மருந்துக்குக்கூட ஒரு விடை சரியில்லை.

வீட்டில் என்னைக் கேள்வி கேட்பது அப்பாவின் வேலை. அவர் திரைச்சீலை தைப்பவர். சாயங்காலம் மெஷினை மடக்கி, பலகைமேல் என் தடிப் புத்தகத்தை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமுவார். மைட்டோகாண்ட்ரியா அவர் வாயில் படாத பாடு படும். நான் சரியாகச் சொன்னால் "அடி சக்கை!" என்று தொடையில் தட்டிக்கொள்வார். பல் வலி வந்தால்கூட மருத்துவரிடம் போக மாட்டார். "எவன்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். என் பொண்ணுதான் முதல்ல பாக்கணும்" என்று துணி கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், உள்ளுக்குள் குளிர்ந்தும் போகும்.

கொஞ்ச நாளாக அவர் வாசிப்பது சரியாகவே கேட்கவில்லை. "குண்டூசியை வாயில வெச்சுக்கிட்டே கேக்கறீங்களா?" என்று எரிந்து விழுவேன். ஆனால் குண்டூசியை உதட்டில் கவ்வும் பழக்கத்தையே அவர் விட்டிருந்தார். மணிக்கட்டில் ஒரு பஞ்சுத் திண்டைக் கட்டிக்கொண்டு அதில் குத்தி வைத்திருந்தார். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. எனக்கு என் பாடம்தான் பெரிதாக இருந்தது.

அன்று முடிவைப் பார்த்த கையோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன்.

"செல் பிரிதல் பாடத்துலேர்ந்து நீங்க ஒரு கேள்விகூட கேக்கலயேப்பா. ஏன்?"

"சின்னப் பாடம்தானேன்னு விட்டுட்டேன்மா."

"சின்னப் பாடமா? முழுசா பன்னெண்டு பக்கம்!"

"நாளைக்குக் கேக்கறேனே."

"இப்பவே கேளுங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். தயங்கவே இல்லை, இடம் தெரிந்த கை அது. இடது கையை விரித்து எதிர்ப்பக்கத்தை மூடிக்கொண்டு, "சாதாரண செல் பக்கத்து செல்லைத் தொட்டா..." என்று தொடங்கினார். 'தொட்டா'வில் நாக்கு இடறியது. முகத்தைச் சுளித்தார். நான் அந்தக் கையை இழுத்தேன். அடியில் கட்டம் கட்டிய ஒரு குறிப்பு இருந்தது. சில செல்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பிரிந்துகொண்டே போகும், வாயில் ஆறாத புண் அதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும் என்று போட்டிருந்தது.

"அப்பா, வாயைத் திறங்க."

"குண்டூசி குத்தினதுமா."

"திறங்கன்னு சொல்றேன்ல!"

நான் கத்தியதில் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அப்பாவுக்காகச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "உன் பரீட்சை முடியறவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்டி" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அப்பா வாயைத் திறந்தார். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் புண். விளிம்பு வெளுத்துத் தடித்திருந்தது.

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்து. வெளியாள் எதுக்கு, நீதான் வந்துடுவேல்லன்னு இருந்தேன்."

"நான் டாக்டராக இன்னும் அஞ்சு வருஷம் ஆகும்பா!"

"தாங்கும்னு நெனச்சேன். அப்புறம் இந்தப் புத்தகத்தைப் படிச்சதும் கொஞ்சம் பயமாயிடுச்சு." தலையைக் குனிந்துகொண்டார். "நீ இதைப் படிச்சா உடனே கண்டுபிடிச்சிடுவே. பரீட்சையைப் போட்டுட்டு என்னைத் தூக்கிட்டு அலைவே."

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்றால் அது பொய். புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன்.

மறுநாள் காலை மருத்துவமனையில் வெளிநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருந்தோம். வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. அப்பா பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். முதுகுப் பக்கம் பிய்ந்திருந்ததைக் கெட்டி நூலால் தைத்திருந்தார்.

"சும்மாதானே உக்காந்திருக்கோம். அந்தப் பாடத்தை முடிச்சிடலாம்."

"வேணாம்பா."

"மார்க் போயிடும்மா."

முதல் கேள்வியிலிருந்து வாசித்தார். ஒவ்வொரு சொல்லையும் வலியோடு உருட்டி வெளியே தள்ளினார். நிற்காமல் பிரியும் செல்கள் எங்கே பரவும், முதலில் கழுத்தில் எந்த நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும், தாமதித்தால் என்ன ஆகும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். ராத்திரி முழுக்க அதைத்தான் நான் கைபேசியில் படித்திருந்தேன். ஒன்றைக்கூட என்னால் தப்பாகச் சொல்ல முடியவில்லை.

"அடி சக்கை!" என்று ஒவ்வொரு விடைக்கும் தொடையில் தட்டிக்கொண்டார்.