நன்றாகப் பார்த்துக்கொள்வோம்

இந்தக் காலத்தில் ஏமாற்றுகிறவனுக்குக்கூட முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளத் தெரிவதில்லை என்பது இம்ப்ரோ கிழவரின் குறை. பாங்க்காரன் பல்லைக் காட்டுகிறான். மின்சார பில்லில் "வணக்கம் இம்ப்ரோ!" என்று அச்சடித்திருக்கிறது, கட்டாமல் விட்டால் கம்பியை அறுக்க வருகிறவனும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அறுப்பான். வருகிற காகிதமெல்லாம் தோளில் கைபோட்டுப் பேசுகிறது. பழைய காகிதம் அப்படியில்லை. ஒரு இழவும் புரியாது, ஆனால் பயப்பட வேண்டும் என்று மட்டும் தெரியும்.

இப்படி முணுமுணுத்துக்கொண்டுதான் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து, சந்தை ஊர் நோட்டரியின் அறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி மகள் நிவேஸ். தலைநகர் ஜாக்ரெப்பில் வக்கீல். கிழவருக்குப் பெண்டாட்டியும் போய்விட்டாள், பிள்ளையும் கிடையாது. அந்த மலைப்பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் செய்கிற ஏற்பாடு ஒன்றுதான்: வீட்டை எழுதிக் கொடுப்பது, சாகும்வரை சோறு வாங்கிக்கொள்வது.

"பெரியப்பா, இது பழைய பத்திரம் மாதிரி இல்ல. மேற்படி, கீழ்க்கண்ட, ஒண்ணும் கிடையாது. பத்து வயசுப் புள்ளைக்கும் புரியும். நானே எழுதினேன்" என்றாள் நிவேஸ்.

"ஏன், பத்து வயசுப் புள்ளைகிட்டயா வீட்டை வாங்கப் போற?"

நோட்டரி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கையெழுத்துக்கு முன்னால் முழுப் பத்திரத்தையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற நாளில் வாசித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடிப்பாள்.

"இன்றிலிருந்து இந்த வீடு நிவேஸுடையது. திராட்சைத் தோட்டமும் அவருடையது. இரண்டு வாதுமை மரங்கள், நிலவறை, திராட்சை பிழியும் பொறி, நான்கு பீப்பாய்கள், அதில் ஒன்று ஒழுகும். எல்லாம் அவருடையவை. நாங்கள் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வோம்."

காகிதத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர்க் குவளை தொடப்படாமல் இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் இம்ப்ரோ.

"முடிஞ்சுது ஐயா."

"மிச்சப் பக்கத்தை முழுங்கிட்டியா தாயி?"

"அவ்வளவுதான் இருக்கு."

கிழவர் உள்பையிலிருந்து நாலாய் மடித்த, மஞ்சளாய்ப் போன ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய அப்பா, தோரா அத்தையின் வீட்டை வாங்கிக்கொண்டபோது போட்ட பத்திரம். இம்ப்ரோ படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் இந்தக் காகிதம் மனப்பாடம். "இதையும் கொஞ்சம் வாசி."

நோட்டரி வாசித்தாள். வருஷத்துக்கு எட்டு வண்டி ஓக் விறகு, குளிர் தொடங்கும் நவம்பர் மார்ட்டின் திருநாளுக்கு முன், பிளந்து அடுக்கியது. ஒரு முழுப் பன்றித் தொடை. தினம் அரை லிட்டர் வைன், தண்ணீர் கலக்காதது. ஞாயிறுதோறும் கோயிலுக்கு வண்டி. தூக்கிக்கொண்டு போகும்வரை அடுப்புப் பக்கத்து அறை. கல்லறை முதல் புருஷன் பக்கத்தில், இரண்டாமவன் பக்கத்தில் கூடவே கூடாது.

நோட்டரி சிரித்துவிட்டாள். "விவரமான பொம்பளை!"

"ஒவ்வொரு வருஷமும் முற்றத்துல நின்னு கைத்தடியால எண்ணுவா. ஏழு வண்டியோட எங்கப்பா நிறுத்திப் பார்த்தாரு. ஊரையே கூப்பிட்டு இந்தக் காகிதத்தை வாசிக்க வச்சா. கெட்ட வார்த்தை சொல்லிக்கிட்டே எட்டாவது வண்டியை இறக்கினாரு."

"அதெல்லாம் 'நன்றாக'ங்கறதுக்குள்ளயே அடக்கம், பெரியப்பா. இப்படி லிஸ்ட் போட்டா பத்திரம் பத்துப் பக்கம் போயிடும். யார் படிப்பா?"

"மரத்துக்கு லிஸ்ட் போட்டிருக்கியே."

"அது நில ஆபீஸ்ல கேப்பாங்க."

"ஒழுகுற பீப்பாயையுமா கேப்பாங்க?"

நோட்டரிக்கு இருமல் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிழவர் விடவில்லை. "சரி, விறகு வேணாம். தொடைக்கறி வேணாம், பல்லே இல்ல. ஒரே ஒரு வரி சேரு. அடுப்புப் பக்கத்து அறையிலதான் சாகற வரைக்கும் இருப்பேன்னு. பத்து வயசுப் புள்ளைக்கும் புரியும்."

நிவேஸின் பேனா அசையவில்லை. "இல்ல பெரியப்பா... நகரத்துல நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. டாக்டர் கூடவே இருப்பாரு. குளிருக்கு அந்த வீடு உங்களுக்கு ஆகாது. அதான் எந்த இடம்னு போடல."

கிழவர் அத்தையின் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப தெரிஞ்சேதான் போடல."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருந்தா அடுப்பங்கரையிலயே பேசி முடிச்சிருப்போமே. நோட்டரி எதுக்கு?"

"வாசிச்சதெல்லாம் புரிஞ்சுதா ஐயா?" என்றாள் நோட்டரி. "கேட்டே ஆகணும், சட்டம்."

"நல்லாவே புரிஞ்சுது. அதான் கையெழுத்துப் போடல."

அத்தையின் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு எழுந்தார். நிவேஸ் படிக்கட்டுவரை பின்னாலேயே வந்தாள்.

"இந்த எழுத்து நடைக்கு ஜாக்ரெப்புல எவ்வளவு பாராட்டுத் தெரியுமா பெரியப்பா? ஒரு வார்த்தையாவது புரியாம இருந்துதா, சொல்லுங்க!"

"பாராட்டினவன் வீட்டை எழுதி வாங்கிக்கோ."

தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு தெருவில் இறங்கினார். வீட்டு முற்றத்தில் இந்த வருஷத்து விறகு பிளக்காமல் கிடந்தது. எழுபத்தொன்பது வயதில் கோடரியை அவரேதான் தூக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். பின்னாலிருந்து அவள் இன்னும் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள், எளிய சொற்களில். இம்ப்ரோ திரும்பாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.