ஆறு சில்லுக்கு நாலு தேசிக்காய்

கமலாம்பிகையின் மோட்டர்ஹோம் மோர்னிங்சைட்டை விட்டுப் போன பிறகு, அது நின்ற இடத்தில் மட்டும் அரிசோனா வெயில் அடித்தது. ட்ரைவ்வேயின் மற்றப் பாதியிலும் பக்கத்து வீடுகளிலும் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்க, அந்த நீள்சதுரத்தில் மட்டும் தார் காய்ந்து சூடாகிக் கிடந்தது. காலையில் வெயில் கொஞ்சம் பிந்தித்தான் வரும், ஏனென்றால் அங்கே விடிவதே பிந்தித்தான். பின்னேரம் ஸ்காபரோ முழுவதும் இருட்டி லைற் போட்ட பிறகும் அந்த இடத்தில் பொழுது மிச்சமிருக்கும். முதல் கிழமை ஆட்கள் காரை மெதுவாக்கிப் பார்த்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் கிழமை எதிர்வீட்டுக் கிளடிஸ் சாக்கொன்றை விரித்துச் செத்தல் மிளகாய் காயப்போட்டாள். அதற்குப் பிறகு அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

ஊர் வாயில் அடிபட்டது வெயில் அல்ல, அவள் போனதுதான். கமலாம்பிகை இருபது வருடத்துக்கு மேல் ஸ்காபரோவில் மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். உறைமழை பெய்து றோட்டெல்லாம் கண்ணாடியாகக் கிடக்கும் நாளிலும், பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் கூத்தாட, ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். ஆனால் சனி ஞாயிறு கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ வெளிக்கிட்டால் கார்த் திறப்பு புருஷன் இராஜரட்ணத்தின் கையில்தான். "நான் இருக்கேக்குள்ள நீ ஏன் கஷ்டப்படுவான்?" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்புக்குள் கலியாண வாழ்க்கை முழுவதும் பக்கத்து சீற்றில் இருந்து, அவர் சிவப்பு விளக்குக்குப் பிந்திப் பிந்தி பிரேக் போடுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சாய்ந்தார், எழும்பவில்லை. அவள் அழுதாள், மனமாரத்தான் அழுதாள். பிறகு ஒருநாள் காரின் வலதுபக்கக் கதவைத் தன்பாட்டில் திறக்கப் போன கையை நிறுத்தி, சுற்றி வந்து மற்றக் கதவைத் திறந்து ஏறினாள்.

மகன் கஜீவன் நல்ல பிள்ளை. அதுதான் தொல்லை. கெட்ட பிள்ளை என்றால் சண்டை பிடித்து முடித்துவிடலாம். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கிழமையே அவனும் மனைவி சுபாங்கியும் வந்து, இந்த வீட்டையும் தங்கள் வீட்டையும் விற்று யூனியன்வில்லில் பெரிய வீடாக ஒன்று எடுப்போம் என்றார்கள். அம்மாவுக்குக் கீழே தனி அறை, தனி பாத்ரூம். பள்ளிக்கூடம் விட்டு வரும் இரண்டு பிள்ளைகளையும் அம்மா பார்த்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி. செய்தி கேட்டவர்கள் எல்லாரும் கமலம் கொடுத்து வைத்தவள் என்றார்கள். கமலாம்பிகைக்கு அந்த அறையின் ஜன்னல் தெரிந்தது, அதற்குள் தெரியும் வேலி தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே தான் சாகப்போவதும் தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

பஸ் சாரதிகள் தேத்தண்ணி குடிக்கும் அறையில் முன்பு ஒரு கலண்டர் தொங்கியது. அதில் மாசி மாதத்துக்கு ஒரு படம்: சிவந்த நிலம், நேராகப் போகும் ஒரு றோட்டு, வேறு ஒன்றுமில்லை. வருடம் முடிந்ததும் அவள் அதை வெட்டி எடுத்து வந்து குளிர்ப்பெட்டியில் ஒட்டினாள். "உதில என்ன கிடக்கு? காஞ்ச நிலம்" என்று இராஜரட்ணம் சிரித்தார். ஒன்றும் இல்லாததுதான் அதில் கிடக்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்த அவளுக்கு அப்போது வரவில்லை. அவர் போன பிறகு வந்த ஐப்பசியில், கால் ஏலாமல் போன ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கி, பஸ்ஸை நிறுத்துவதுபோலப் பின்பக்கமாக ஒரே தடவையில் ட்ரைவ்வேக்குள் ஏற்றி நிறுத்தினாள். அதற்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருந்தன. தெருவில் இருந்த தமிழ்ச் சனம் முழுவதும் திரை விலக்கிப் பார்த்தது. புருஷன் செத்து வருடம் திரும்பவில்லை, இவளுக்கு என்ன பிடித்தது என்று தொலைபேசிகள் கேட்டன. கமலாம்பிகை எண்ணெய் மாற்றினாள்.

வாகனம் வாங்கினால் பூசை செய்யவேண்டும், அதில் அவளுக்கு மறுபேச்சில்லை. ஆனால் சாவுத் துடக்கு வருடத்தில் கோயில் வாசலுக்குப் போகமுடியாது. ஆகவே புறப்படுகிற காலையில், கார்த்திகை மாதத்து முதல் பனி தூவிக்கொண்டிருக்க, தானே திருநீறு பூசி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். இராஜரட்ணம் ஒவ்வொரு கார் வாங்கியபோதும் குந்தியிருந்து வைத்ததுபோலவே வைத்தாள். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. பஸ் ஓட்டிய காலத்தில் தினமும் விடிய ஆறு ரயரையும் சுற்றி வந்து தட்டிப் பார்த்தவளுக்கு, இந்த மோட்டர்ஹோமுக்கும் பின்பக்கம் சோடி சோடியாக மொத்தம் ஆறு சில்லு என்பது தெரியாமல் இல்லை. ஆனால் தேசிக்காய் வைக்கும்போது கை அவருடைய கையாகிவிட்டது. அந்தக் கைக்கு நாலுதான் கணக்கு. தேசிக்காய்கள் நசிந்தன. பின்பக்கத்து உள்சில்லு இரண்டும் ஒன்றிலும் ஏறாமல் புறப்பட்டன.

அமெரிக்காவுக்குள் நுழைந்து, மழையும் முகிலுமான மாநிலங்களைத் தாண்டும் வரை மோர்னிங்சைட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் அரிசோனாவில் முதல் காலை கதவைத் திறந்தபோது இங்கே பனி உருகியது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் தன்னைச் சுற்றி ஒருவருமே இல்லை என்பதுதான். பார்க்க ஆளில்லை என்றபடியால் பொட்டு வைத்துக்கொண்டாள். பிறகு ஆட்கள் இருந்த இடங்களிலும் அதை எடுக்க மறந்தாள், பிறகு மறக்காமலே வைத்தாள். தண்ணீரை அளந்து செலவழிக்கப் பழகினாள். கழிவுத் தொட்டியைக் குழாய் பூட்டி வெறுமையாக்கப் பழகினாள், முதல் தடவை காலில் ஊற்றிக்கொண்டாள். குக்கரில் சோறும் பருப்பும் வைத்து, வாசலில் கதிரை போட்டு, மலை நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். தனியாகவா வந்தாய் என்று எல்லா முகாமிலும் யாராவது கேட்டார்கள். ஓம் என்றாள். பயமில்லையா என்றார்கள். சில பின்னேரங்களில் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதையும் தானே தனக்கென்று எடுத்து வந்த சாமான்போல வைத்திருந்தாள்.

வெயில் செய்தியைக் கஜீவன்தான் தொலைபேசியில் சொன்னான், ஏதோ தண்ணிக் குழாய் வெடித்த முறைப்பாடுபோல. அடுத்த நாள் கிளடிஸ் எடுத்தாள். கிளடிஸ் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் புறப்பட்ட காலையில் ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவள்.

"எடி கமலம், ஆறு சில்லுக்கு நாலு தேசிக்காயெல்லோ வைச்சனீ. ரெண்டு சில்லு இன்னும் இஞ்சைதான் நிக்குது."

"விசர்க் கதை கதையாதை."

"விசரோ என்னவோ, என்ரை மிளகாய் மூண்டு நாளில காஞ்சிட்டுது."

தை மாதத்துக்குள் அந்த இடத்துக்கு முறை வைக்க வேண்டியதாயிற்று. திங்கள் மிளகாய், செவ்வாய் வேப்பம்பூ வடகம், வெள்ளி, மீன் இறைச்சி தொடாத மரக்கறிக்காரருக்கு மோர்மிளகாய். மோர்னிங்சைட்டில் இருந்து பார்க்டேல் வரை ஆட்கள் தூள் இடிக்கக் கொண்டுபோனார்கள். கஜீவனின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஸ்னோசூட்டைப் பனியிலே கழற்றிப் போட்டுவிட்டு, ரீஷேர்ட்டோடு அந்த வெயிலில் பந்தடித்தார்கள். மிளகாய்க்குக் காவல் இருந்த அன்ரிமார் அவர்களுக்கும் காவல் இருந்தார்கள். ஒருநாள் அங்கே புழுதிக்காற்று அடித்தது, இங்கே வடகமெல்லாம் மண்ணாயிற்று, கமலாம்பிகையைத் தொலைபேசியில் ஏசினார்கள். நகரசபையில் இருந்து வந்த மனிதர் வெயிலை நாலு பக்கமும் அளந்து பார்த்தார். அது நடைபாதை வரை வராதபடியால் தான் செய்ய ஒன்றுமில்லை என்றார். போகமுன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அதில் நின்றார்.

வைகாசியில் வந்து முடிவு சொல்கிறேன் என்று அவள் சொல்லிப் போயிருக்க, கஜீவன் அதற்குள் ஆட்களுக்கு வீட்டைக் காட்டத் தொடங்கியிருந்தான். வீடு விற்கும் ஏஜென்ட் அருள்நாயகம் மட்டும் தலையில் கை வைத்தார். வாங்க வந்தவர்கள் வெயிலைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அம்மா வைகாசியில் வந்து கையெழுத்து வைக்கமுன் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவாரும் என்று கஜீவனிடம் சொன்னார். கஜீவன் கிளடிஸின் கதையை நம்பவில்லை. நம்பாமலே இரண்டு தேசிக்காய் வாங்கி வந்து, அந்த இடத்தில் வைத்துத் தன் காரை ஏற்றினான். கார்ச்சில்லு வேறு சில்லு. வெயில் அசையவில்லை. நசிந்த தேசிக்காய் பின்னேரத்துக்குள் நன்றாகக் காய்ந்தது, கிளடிஸ் அதை ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டாள்.

மாசி மாதம் கமலாம்பிகை அரிசோனாவில் காய்ந்த ஆற்றுப்படுக்கை ஒன்றைக் கடந்தாள். நடுவில் மணல் உள்ளே இழுத்தது. அவளுக்கு முன்னால் போன இரண்டு வாகனங்கள் ஏற்கெனவே வயிறு முட்டப் புதைந்து நின்றன, ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். அவளுடைய பின்சில்லுகளும் இறங்கின. இதோடு சரி, இனி எல்லாரும் நாங்கள் அப்பவே சொன்னோம் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தாள். அப்போது சில்லு எதிலோ முட்டி நின்றது. கெட்டியான, கொஞ்சம் சரிவான ஒன்று. மெதுவாக அக்சிலேற்றரை மிதித்தாள். வண்டி ஏறியது, ஏறும்போது பின்னால் டொக் என்று ஒருதரம் குலுங்கியது. அந்தக் குலுக்கலை அவளுக்குத் தெரியும். ட்ரைவ்வே நடைபாதையைத் தொடும் இடத்தில் இருக்கிற வெடிப்பு. இராஜரட்ணம் ஒவ்வொரு சித்திரையிலும் சீமெந்து பூச, ஒவ்வொரு மார்கழியிலும் திரும்ப வாய் பிளக்கும் வெடிப்பு. மற்றக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து, அவர் செத்த வீட்டில் அழுததிலும் கூட அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கிப்போய், புதைந்தவர்களின் வாகனங்களைக் கயிறு கட்டி இழுத்துவிட்டாள். மோர்னிங்சைட்டில் அன்றைக்கு மிளகாய்ச் சாக்குக்கு நடுவே இரண்டு சிவந்த மண் தடம் விழுந்திருந்தது. கிளடிஸ் அதைக் கூட்டி ஒரு போத்தலில் போட்டு வைத்தாள்.

வைகாசியில் சொன்னபடி திரும்பி வந்தாள். வந்து நிறுத்தியதும் வெயில் சாதாரண வெயிலாயிற்று. ஆனியில் ஆண்டுத்திவசத்துக்கு அவளே நின்று சமைத்தாள், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் மாங்காய்ப் பச்சடியும் ஒரு குறையும் வைக்காமல். நெற்றியில் பொட்டு இருந்தது. சொந்தக்காரர் அதைப் பார்த்தார்கள், அவள் அவர்களைத் திருப்பிப் பார்த்தாள், எல்லாரும் பாயாசம் குடித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அருள்நாயகம் பேனையை எடுத்தபோது கமலாம்பிகை கை கழுவிக்கொண்டு வந்து இருந்தாள்.

"வீடு விக்கிறேல்லை. மாரிக்கு நான் திரும்பப் போறன்."

"அப்ப பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்றான் கஜீவன்.

அதற்குப் பதில் சொன்னது யாரும் எதிர்பாராத சுபாங்கி. "அவை போன மாரி முழுக்க உந்த வெயிலுக்குள்ளதானே நிண்டவை. ஒரு தடிமன் வரேல்லை. தே வேர் ஃபைன், கஜி."

கஜீவனின் முகம் உடைந்தது. "அம்மா, அங்கை தனிய நிக்கேக்கை உங்களுக்கு ஏதும் நடந்தா எனக்கு ஆர் வந்து சொல்லுவினம்?" அதுதான் இவ்வளவு நாளும் அவன் சொல்லாமல் யூனியன்வில் யூனியன்வில் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கமலாம்பிகை அவன் கையைப் பிடித்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"வெயில் அடிக்கிற வரைக்கும் அம்மா இருக்கிறன், மோனை. நான் உங்களை விட்டுட்டுப் போகேல்லை. போனனான், அவ்வளவுதான்."

கார்த்திகை பிறந்தது. புறப்படுகிற காலையில் கஜீவன் ஒரு பையோடு வந்தான். உள்ளே ஆறு தேசிக்காய். தாய்க்கு ஒன்றும் வரக்கூடாது, இந்த முறையாவது பூசை முறைப்படி நடக்கட்டும் என்று அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிந்து வாங்கியவை. துடக்கு கழிந்துவிட்டது, கோயிலுக்கே கொண்டுபோகலாம் என்றும் சொன்னான். கமலாம்பிகை பையை வாங்கி, நாலை எடுத்துச் சில்லுக்குக் கீழே வைத்தாள். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு வெளிப்பக்கத்தில் இரண்டு. மிச்சம் இரண்டையும் குசினிக்குள் கொண்டுபோய் வெட்டி, பிழிந்து, உப்பும் சீனியும் போட்டு இரண்டு கிளாஸ் கரைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். அவன் கிளாஸைப் பார்த்தான், சில்லைப் பார்த்தான்.

"குடி" என்றாள்.

இரண்டு பேரும் பனிக்குள் நின்று குடித்து முடித்தார்கள். வெற்றுக் கிளாஸை அவனிடம் தந்துவிட்டு ஏறினாள். தேசிக்காய்கள் நசிந்த சத்தம் எதிர்வீடு வரை கேட்டது, வெடிப்பில் வண்டி டொக் என்று குலுங்கியது.

பிறகு பனி கொட்டியது. ட்ரைவ்வே முழுவதும் மூடியது. கஜீவன் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனான். கிளடிஸ் சாக்கைத் தட்டி மடித்துத் தயாராக வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மற்ற இடமெல்லாம் விடிந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, நீள்சதுரத்தின் ஒரு மூலையில் பனி ஈரமாயிற்று, பிறகு புகைந்தது, பிறகு தார் கறுப்பாகத் தெரிந்தது. கிளடிஸ் மிளகாயோடு றோட்டைக் கடந்து வந்தபோது, கஜீவன் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடுவில் நின்றுகொண்டிருந்தான். கால் சுட்டது. விலகவில்லை.